மாமியின் குரலில் ஒன்பது விநாடி

என் மேசை இழுப்பறையில் ஒரு வெள்ளைக் கருவி கிடக்கிறது. சோப்பு டப்பா அளவு. நடுவில் கண்மணி போல ஒரு கறுப்புப் புள்ளி. ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கேறிப் பழுப்பாகிவிட்டது. ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டின் சமையலறை வாசலுக்கு வெளியே, கூடத்துச் சுவரில் ஐந்து மாதம் அது இருந்தது. அதை அங்கே மாட்டியவன் நான். அது இருந்திருக்க வேண்டிய இடம் கூடத்துச் சுவர் அல்ல, சமையலறைக்குள்ளே மேல்விட்டம் என்பது மாட்டும்போதே எனக்குத் தெரியும்.

தில்லைநகரில் ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் கம்பெனி. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் கதவு, கட்டில், குளியலறை, அடுப்படி என்று எல்லா இடத்திலும் சின்னச் சின்னக் கருவிகளைப் பொருத்துவோம். அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை தடவை நடந்தார், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்று பதினைந்து நாள் கவனித்து, இதுதான் இவருடைய நாள் என்று தானே கற்றுக்கொள்ளும். அதற்குப் பிறகு ஏதாவது மாறினால் வெளியூரில் இருக்கும் பிள்ளையின் போனுக்குச் செய்தி போகும். மணப்பாறைப் பக்கம் மானாவாரி நிலத்தில் உழுகிற குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முடித்து, இன்ஜினியரிங்கும் படித்தவன் நான். வேலை கிடைத்ததும் அப்பாவிடம் உட்கார்ந்து இதையெல்லாம் விளக்கினேன்.

"நம்ம நாய் மாதிரின்னு சொல்லு," என்றார்.

"ஆமாப்பா. ஆனா கொரைக்காது, மகனுக்குப் போன் பண்ணும்."

"அப்ப நாய்க்கு இருக்குற அறிவு அதுக்கு இல்லை. சீமையில இருக்குற மகனை எதுக்குக் கூப்புடணும்? பக்கத்து வீட்டை எழுப்ப வேணாமா?"

சிரித்தேன். அப்பாவுக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கிழக்கு உத்தர வீதியில் இருந்த அந்த மாமிக்கு எழுபத்து நான்கு வயது. மாமா போய் மூன்று வருடம். ஒரே மகன் சிங்கப்பூரில். அவர் கோயம்புத்தூரில் ஒரு முதியோர் குடியிருப்பில் அம்மாவுக்கு இடம் பார்த்து வைத்திருந்தார். மாமி வரவே மாட்டேன் என்றார். போனிலேயே சண்டை நடந்து, கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள். எங்கள் கருவிகளை வீடு முழுக்க மாட்டுவது. அவை சரியாக வேலை செய்கிறவரை மாமி தன் வீட்டிலேயே இருக்கலாம். நான் பெட்டியைத் திறப்பதற்குள்ளேயே மாமி இதை என்னிடம் சொல்லிவிட்டார். "இதோ பாருடாப்பா, இது ஒழுங்கா இருந்தா நான் பெருமாளைச் சேவிச்சுண்டு இங்கேயே இருப்பேன். இல்லேன்னா என்னைக் கோயம்புத்தூர்ல கொண்டு தள்ளிடுவான். இந்த ஆத்துல நான் இருக்கறதும் போறதும் உன் கையிலதான் இருக்கு."

கூடத்தில் ஒரு பேசும் கருவியை வைத்தேன். அதை 'நிலா' என்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வீட்டுக்காரர் குரலுக்கு அதைப் பழக்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரமும் அதன் காது முழுக்கத் திறந்திருக்கும், அங்கே பேசுவதெல்லாம் எங்கள் சர்வரில் பதிவாகும். அதற்கான தாளில் மாமி கையெழுத்துப் போட்டிருந்தார். நான்கைந்து தடவை கூப்பிட்டும் அது வாய் திறக்கவில்லை. "நிலாவாம் நிலா. கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்டை வறண்டுபோச்சு, இது அமாவாசையா உக்காந்திருக்கே!" என்றார். அதற்குப் பிறகு அடுப்பைக் கவனிக்க உள்ளே போய்விட்டார்.

சமையலறைதான் சிக்கல். மாமி காலையில் குளித்து மடியோடு உள்ளே போனால், பெருமாளுக்குத் தளிகை சமைத்துப் படைக்கும்வரை யாரையும் தொடமாட்டார்; அங்கே யாரும் நுழையவும் கூடாது. கீழே விழுந்தால் தெரியப்படுத்தும் கைப்பட்டை ஒன்று உண்டு. அதைப் பார்த்ததுமே, "ரப்பரைக் கட்டிண்டு தளிகையா?" என்று தள்ளிவிட்டார். அதனால் மேலிருந்து பார்த்து, ஆள் தரையில் விழுந்தால் கண்டுபிடிக்கிற கருவியைச் சமையலறை விட்டத்தில் பொருத்துவது என்று முடிவானது. அந்த வீட்டில் நாங்கள் வைத்த இருபது கருவிகளில் அதுதான் முக்கியமானது.

அதை எடுத்துக்கொண்டு, ஏணியோடு சமையலறை வாசலுக்குப் போனேன். "அங்கேயே நில்லு. உள்ளே வராதே. மடியா இருக்கேன்," என்றார் மாமி. நின்றேன். ஊரில் பெரிய வீட்டுப் பின்வாசலில் அப்பா நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கால் தானாகவே நின்றது. பிறகு கருவியை வாசலுக்கு வெளியே, உள்ளே பார்த்த மாதிரி கூடத்துச் சுவரில் மாட்டினேன். அங்கிருந்து சமையலறையில் பாதிதான் தெரியும். படிவத்தில் 'சமையலறை: பொருத்தப்பட்டது' என்று குறித்துக் கையெழுத்திட்டேன். மாமி தடுத்தார், நான் என்ன செய்ய முடியும்? இப்படித்தான் வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஐந்து மாதமும் மாமி வாரத்துக்கு ஒரு தடவையாவது எனக்குப் போன் செய்வார். "உன் நிலா இன்னிக்கு மாத்திரை போட்டுண்டாச்சான்னு மூணு தடவை கேட்டது. என் மாமியார்கூட என்னை இந்தப் பாடு படுத்தினதில்லை," என்பார். பல்லி ஓடினதற்கு விளக்கு எரிந்தது, வாசல் பூட்டு பாத்திரம் தேய்க்கிறவளின் மஞ்சள் பூசின முகத்தை அடையாளம் தெரியவில்லை என்கிறது என்று புகார் சொல்வார். புகார் சொல்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. போய்ச் சரிசெய்வேன். ஒவ்வொரு தடவையும் அந்த வெள்ளைக் கருவிக்குக் கீழேதான் நடப்பேன். நிமிர்ந்து பார்த்ததில்லை.

மார்கழியில் ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு மாமி சமையலறையில் வழுக்கி விழுந்தார். கருவியின் கண்ணுக்கு எட்டாத அந்தப் பாதியில். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நிலாவைக் கூப்பிட்டிருக்கிறார். தெருவில் ஒலிபெருக்கியில் பாசுரம் ஓடிக்கொண்டிருந்தது, அதற்குக் கேட்கவில்லை. வெள்ளைக் கருவிக்குத் தெரிந்ததெல்லாம் மாமி உள்ளே போனார், இன்னும் வெளியே வரவில்லை என்பது மட்டும்தான். மூன்று மணி நேரம் அவர் வெளியே வராதிருப்பது அதற்கு வழக்கம். மடியை அது அப்படித்தான் படித்து வைத்திருந்தது. எட்டரைக்கு மேல் சந்தேகம் வந்து மகனுக்கு ஒரு செய்தி அனுப்பியது: 'அம்மா இன்று சமையலறையில் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் இருக்கிறார்.' சிங்கப்பூரில் அவர் ஒரு மீட்டிங்கில் இருந்தார். மார்கழி மாதம், அம்மா பொங்கல் பண்ணிக்கொண்டிருப்பாள் என்று நினைத்து 'பரவாயில்லை' என்ற பொத்தானை அழுத்தினார். உடனே அது அதையும் கற்றுக்கொண்டது. மறுபடி கேட்கவில்லை. பத்து மணிக்குப் பாத்திரம் தேய்க்க வருகிற அக்கா வந்து முகத்தைக் காட்டியதும் வாசல் பூட்டு திறந்துகொண்டது. அந்தக் காலையில் ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான்.

ஆபரேஷன் முடிந்து நான்காம் நாளே மாமி, சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மகனிடம் வாதாட ஆரம்பித்துவிட்டாராம். மெஷின் மேல் தப்பில்லை, மாட்டின இடம்தான் தப்பு. அந்தப் பையன் உள்ளேயே வரவில்லை. இப்போது உள்ளே மாட்டச் சொல், கால் தேறியதும் நான் என் வீட்டுக்குப் போய்விடுகிறேன். மகன் எங்கள் கம்பெனிக்கு ஒரே ஒரு கேள்வி எழுதினார். ஏன் உள்ளே மாட்டவில்லை? உங்கள் தவறென்றால் சரிசெய்து கொடுங்கள், அம்மா வீட்டுக்குத் திரும்பட்டும். அம்மாவே தடுத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அப்படியென்றால் எத்தனை கருவி வைத்தும் பிரயோசனமில்லை, நான் கோயம்புத்தூரில் சேர்த்துவிடுகிறேன்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அந்த அம்மாதான் உள்ளே விடவில்லை என்றேன். "அப்ப வேலை சுலபம். குரல் பழக்கின ரெக்கார்டு இருக்கும்ல, எடு," என்றார்.

காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். நான் நினைவில் வைத்திருந்தது அப்படியே இருந்தது, ஒரு சொல் மாறாமல். அங்கேயே நில்லு. உள்ளே வராதே. மடியா இருக்கேன். ஒன்பது விநாடி. எனக்கு நிம்மதியாக இருந்தது. நிறுத்தியிருக்கலாம். ஓடவிட்டேன். கரண்டிச் சத்தம், தண்ணீர் ஊற்றுகிற சத்தம், பெருமாள் முன்னால் ஏதோ பாசுரம் சொல்கிற முணுமுணுப்பு. கால் மணி நேரம் கழித்து மாமி மறுபடி பேசினார்.

"ஏன்டாப்பா, இன்னும் சிலையாட்டம் நின்னுண்டிருக்கே? எல்லாம் ஆயிடுத்து. உள்ளே வந்து எங்கே மாட்டணுமோ மாட்டிக்கோ. அப்புறமா நான் அலம்பி விட்டுக்கறேன்."

ஏணியைத் தரையில் வைக்கிற சத்தம். பிறகு ஒரு குரல், பணிவாக, அழகாக: "வேண்டாம் மாமி. இங்கேருந்தே நல்லாத் தெரியும்."

"தெரியும்னா சரி. நீ படிச்சவன்."

அந்தப் பணிவான குரல் என்னுடையது. இது எதுவுமே எனக்கு நினைவில் இல்லை. எப்படி இல்லாமல் போனது என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். அலம்பி விட்டுக்கறேன் என்ற சொல்தான் என்னைத் தைத்திருக்க வேண்டும். நான் மிதித்த தரையை, நான் போன பிறகு கழுவுவார். மாமி அதை அடுப்பைத் துடைப்பேன் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் வலித்திருக்கும். எனக்குக் கோபம் வந்ததில் தப்பில்லை என்று இன்றும் நினைக்கிறேன். வேலையைச் செய்ய மாட்டேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம். வேறு ஆளை அனுப்பச் சொல்லியிருக்கலாம். முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கலாம், ஏன் மாமி கழுவணும் என்று. இது எதையும் செய்யாமல், நான் படித்த படிப்பை வைத்து ஒரு பொய் சொன்னேன். நல்லாத் தெரியும் என்றேன். மாமிக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை என்று தெரிந்தே சொன்னேன். என் ரோஷத்துக்கு நான் தேடிக்கொண்ட வழி, எழுபத்து நான்கு வயது மனுஷி விழுந்தால் தெரியாத இடத்தில் ஒரு கருவியை மாட்டிவிட்டு வந்தது.

மேனேஜரும் முழுவதையும் கேட்டார். "முதல் ஒன்பது விநாடி போதும்," என்றார்.

"மீதி சார்?"

"மீதியை யாரு கேட்டா? அம்மா தடுத்தாங்களான்னு கேட்டாரு, தடுத்தாங்க. நாம எதையும் மாத்தலை, எதையும் சேர்க்கலை. கையெழுத்துப் போட்டது நீ தம்பி. உன் வேலையையும் பாத்துக்க."

அவர் என்னை மிரட்டினார் என்று எழுதினால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். அவர் அதிகம் பேசவே இல்லை. நான்தான் உட்கார்ந்து வெட்டினேன். வெட்டின இடத்தில் டக்கென்று முடியக் கூடாது என்று கடைசியில் கொஞ்சம் கரண்டிச் சத்தத்தையும் விட்டேன். அன்றைக்கே அது மகனின் போனுக்குப் போனது.

மாமி இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறார். உத்தர வீதி வீடு பூட்டிக் கிடக்கிறது. கருவிகளையெல்லாம் நான்தான் போய்க் கழற்றி வந்தேன். அந்த அரை மணி நேரப் பதிவு எங்கள் சர்வரில் அப்படியே இருக்கிறது. மகனின் நம்பரும் என் போனில் இருக்கிறது. அனுப்பினால் என் வேலை போகும். அனுப்பவில்லை.

கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போவதற்கு முன்னால், ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதற்கான தாளில் மகனிடம் கையெழுத்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மாமி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்து மெலிந்து, ஆளே பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாடாப்பா, நீயே சொல்லு இவன்கிட்டே. நீ உள்ளே வந்தியா? நான் வரவிடாம தடுத்தேனா?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் மகன் தன் போனை எடுத்து, அம்மாவின் காதுக்கருகே வைத்து அழுத்தினார்.

அங்கேயே நில்லு. உள்ளே வராதே. மடியா இருக்கேன்.

"இன்னொரு தடவை போடு," என்றார் மாமி. மறுபடி போட்டார். மாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"என் குரல்தான்," என்றார். கொஞ்ச நேரம் போர்வை ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார். "நான் கூப்பிட்டாப்பலேன்னா எனக்கு ஞாபகம். வா, மாட்டிக்கோன்னு சொன்னாப்பலே. வயசாயிடுத்து, எல்லாம் தப்பு தப்பா வரது. நீ சொல்றதுதான் சரி, நான் தனியா இருக்க லாயக்கில்லை." மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமி என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார். போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன்மேல அபாண்டமாப் பழி போட்டேனேடாப்பா. மனசுல வெச்சுக்காதே."

"பரவாயில்லை மாமி," என்றேன்.