அண்ணன் ஆக்கிய விலாங்குக் குழம்பு

எங்கள் அண்ணன் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. வந்திருக்கும் உறவினர்களுக்காக அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், களைத்துப்போன அவர் முகம்தான் முதலில் வருகிறது.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஏழு. படிப்பை விட்டுவிட்டுத் தேயிலைச் செடிகளைக் கத்தியால் கவ்வாத்து வெட்டப் போனார். மாலையில் விரல்கள் விறைத்து, சோறு பிசையக்கூட முடியாமல் இருப்பார்.

எழுபதுகளில் அரிசிக்குத் தவித்த காலத்தில் அம்மா காய்ச்சலில் விழுந்தார். காய்ச்சல் விட்ட பிறகும் எழவில்லை. மரவள்ளிக் கிழங்கை வாயில் வைத்தாலே குமட்டியது. மீனாவது கொடுக்கச் சொன்னார் மருந்துக்காரர். அண்ணன் வேலை முடிந்து நேரே ஓடையில் இறங்கி, ஒரு விலாங்கோடு வந்தார்.

எங்கள் வீட்டில் விலாங்கை அரிந்தவர் எவருமில்லை. கையில் நிற்காமல் வழுக்கியது. அவசரத்தில் பித்தப்பை உடைந்து குழம்பு முழுதும் கசந்தது. சேற்று வாடையும் போகவில்லை. நான் துப்பிவிட்டேன். அம்மா இரண்டு வாய் விழுங்கி, அதையும் வாந்தியெடுத்தார். அண்ணன் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதார்.

மறுநாளும் ஒன்றைப் பிடித்து, பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் போய் நின்றார்.

"மொதல்ல சாம்பலப் போட்டு உருவுடா, வழவழப்பு போகட்டும். வயித்த மேலாக்க கீறு."

"கை நடுங்குது பெரியம்மா. காலையிலேருந்து கத்தி புடிச்ச கை."

"நடுங்குனா நடுங்கட்டும். மெதுவா கீறு."

மெதுவாகக் கீறினார். பித்தப்பை உடையாமல் வந்தது. துண்டுகளை உப்பிலும் புளியிலும் ஊறவைத்துக் கழுவி, மிளகும் பூண்டும் அரைத்துப் போட்டுச் சுண்டவைத்தார். அம்மா ஒரு துண்டு தின்றார். சற்றுப் பொறுத்து, "இன்னொன்னு குடுப்பா" என்றார்.

அம்மா மறுபடி கொழுந்து பறிக்கப் போகும்வரை பிடித்ததும் அரிந்ததும் ஆக்கியதும் அண்ணன்தான். ஆக்கி முடித்ததும் சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவார். அவரை எழுப்பாமல் அவர் பங்கையும் நான் தின்ற நாட்கள் உண்டு. இதை அவரிடம் நான் சொன்னதே இல்லை.

பண்டாரவளையில் என்னைப் படிக்கவைத்தார், கட்டிக்கொடுத்தார். தனக்கென்று குடும்பம் தேடவில்லை. நாற்பதைத் தொடுமுன் நெஞ்சு நோய் வந்தது. கடைசி நாட்களில் என் வீட்டில்தான் இருந்தார். ஒரு மாலை நான் கொழுந்து பறித்துவிட்டு வந்த நேரம் என் கணவர் விலாங்கு கொண்டுவந்தார்.

"அண்ணே, கொழம்பு வைக்கட்டுமா?"

அண்ணன் என் கைகளையே பார்த்தார். "நீயும் மலையிலேருந்து இப்பத்தானே வந்த. அத அரியிறது பெரிய வேல புள்ள. செத்த உக்காரு."

உட்கார்ந்தேன். நான்காம் நாள் போய்விட்டார். அவர் பிழைக்கவைத்த அம்மா இன்று அவர் படத்துக்கு விளக்கேற்றுகிறார்.

மழையில் அவரை இடுகாட்டுக்குத் தோளில் சுமந்து இறக்கிய லயத்துப் பிள்ளைகளுக்கும், எங்களுக்கு மூன்று நாள் அடுப்பு மூட்டிய அக்காமாருக்கும் நன்றி. எல்லோரும் நாள் முழுதும் மலையில் நின்றுவிட்டு வந்தவர்கள். ஒருவரும் அலுப்பாக இருக்கிறது என்று சொல்லவில்லை.