தோள் நரம்பும் நான் மடிக்கிற துண்டும்

ஒத்தடப் பைக்குச் சுற்றுகிற துண்டுகளை மடித்துக்கொண்டே, நடுநடுவே இதை எழுதுகிறேன். தஞ்சாவூரில் ஒரு பிசியோதெரபி கல்லூரியில் எனக்கு இதுதான் வேலை. தோள்வலி கண்ட அக்கா தங்கச்சிகளே, உங்களுக்குத் தெரியாததா, துண்டு தோளில் இருக்கிற வரைக்கும்தான் சுகம்.

வயலும் மதகும்

வரப்பில் வழுக்கி விழுந்து தோள்மூட்டு நழுவிய பெரியவர் ஒருத்தர் வந்தார். மூட்டைப் பொருத்தியாச்சு, கை மட்டும் பக்கவாட்டில் எழும்பவில்லை. "தோள்சதை சோம்பேறியாயிடுச்சாம்மா?" என்றார். இங்கே படிக்கிற கயல், "சதை மேல தப்பில்லீங்க ஐயா. கழுத்துலேர்ந்து கிளம்புற நரம்பு அக்குள் பக்கமா வந்து தோள்சதைக்கு உத்தரவு கொடுக்கணும். விழுந்தப்ப அது அடிபட்டுடுச்சு" என்றாள். பெரியவர் தோளைத் தடவிக்கொண்டார்.

"அப்ப வயல்ல குத்தமில்ல. மதகுலதான் அடைப்பு."

ரவிக்கை

பரீட்சை வந்தால் பிள்ளைகள் ஒருத்தி தோளில் ஒருத்தி ஸ்கெட்ச் பேனாவால் நரம்பு வரைந்து படிப்பார்கள். அன்றைக்கு ஒரு தோள் குறைந்ததென்று என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குக் கூச்சம். ரவிக்கை மேலேயே வரைந்துகொள்ளுங்கள் என்றேன். தோள்பட்டை எலும்பின் மேல் இருக்கிற இரண்டு சதைக்கும் சேர்த்து ஒரு நரம்பு, சிவப்பில். தோள்சதைக்குப் பச்சை. விலாப்பக்கம் இறங்குவது நீலம். எவ்வளவு துவைத்தும் போகவில்லை. மாமியார் கொடியில் விரித்துப் பார்த்தார்.

"இதுல திருவையாறு எங்கடி இருக்கு?"

என் பாப்பா

என் மகளுக்கு எட்டு மாதம். பிறக்கும்போது தோள் மாட்டிக்கொண்டு கழுத்து இழுபட்டதில், இடது கைக்குப் போகிற நரம்பு அடிபட்டுவிட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு இங்கே வரப்போய்த்தான் இந்த வேலையே கிடைத்தது. நரம்பு தானாகத் தேறலாம், தேறாவிட்டால் ஆபரேஷன் என்கிறார் பாப்பாவுக்கு வைத்தியம் பார்க்கிற மேடம். அதற்கும் பரீட்சை உண்டு, என் துண்டை வைத்துத்தான். முகத்தில் துண்டைப் போட்டு வலது கையைப் பிடித்துக்கொள்வார்கள். இடது கை எழும்பி அதை இழுக்கணும். போன தடவை இவள் துண்டுக்குள்ளேயே சிரித்துக்கொண்டு கிடந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு மேடம் சொன்னார்:

"உங்க துண்டு மெத்துன்னு இருக்கும்மா, அவளுக்கு எடுக்க மனசில்ல."

இன்றைக்கு மறுபடி பரீட்சை. பக்கத்து அறைதான், பார்க்கத் தைரியமில்லை. ஊரார் தோளென்றால் நானும் நரம்பு நரம்பாகச் சொல்லுவேன், பெற்ற பிள்ளையின் தோளென்றால் மடித்த துண்டையே பிரித்து மடிக்கத்தான் தெரிகிறது, அதுவும் கோணலாக, இருங்கள், கயல் கூப்பிடுகிறாள், "அக்கா, துண்டைத் தரையில தள்ளிட்டா, இடது கையாலதான், வந்து