கோழிகளுக்குத் தெரிந்த டின்

நாகர்கோவில் பக்கத்துக்காரி நான். கோபம் எனக்கு மூக்குக்கு மேலே இருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள், பொய்யில்லை. அப்படிப்பட்டவளைப் போய் இலங்கைக்குப் பிள்ளைகள் ஊழியத்துக்கு அனுப்பினார்களே, எங்கள் சபையாரைத்தான் சொல்ல வேண்டும். விமானம் ஏறி, பஸ் மாறி, பனிச்சங்கேணிப் பாலம் தாண்டி, வாவிக்கரையில் இருந்த ஒரு சின்ன ஆலயத்தில் போய் இறங்கினேன். பள்ளிக்கூட விடுமுறைக் காலம். இரண்டு வாரம் காலையில் பாட்டு, கதை, விளையாட்டு. மதியம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு அனுப்ப வேண்டும்.

அந்தச் சோற்றுக்கு அரிசி கடையில் வாங்குவதில்லை. அங்கே சபை வீடுகளில் உலை வைக்கும்போதெல்லாம் கர்த்தருக்கென்று ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கிறார்கள். பிடியரிசி என்று பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்துக்கு வருகிற அந்த அரிசி, விடுமுறை வகுப்பு நடக்கும்போது தினமும் பிள்ளைகள் கையில் வந்துவிடும். சிவப்பு, வெள்ளை, சம்பா, பச்சை எல்லாம் ஒரே பெரிய பேசின் பாத்திரத்தில் விழும். வெந்தால் ஒரு பருக்கை குழைந்திருக்கும், பக்கத்துப் பருக்கை விறைத்துக்கொண்டு நிற்கும். எனக்கென்னவோ அந்தச் சோறு பிடித்துப்போனது.

ஒரு சிறுமி பால்மா டின்னில் அரிசி கொண்டுவருவாள். ஏழெட்டு வயது, இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, வாய் ஓயாத பேச்சு. மற்றப் பிள்ளைகள் தாங்களே பேசினில் கொட்டுவார்கள். இவள் வந்தால் மட்டும் சமையல் பார்க்கிற அக்கா, "இஞ்ச தா மகள், நான் போடுறன்" என்று டின்னை வாங்கிக்கொள்வார். மதியம் காலி டின் திரும்பி வரும். அக்காவுக்கு இவள்மேல் தனிப் பிரியம் என்று நினைத்தேன். மீனில் நல்ல துண்டும் இவள் தட்டுக்குத்தான் வரும்.

அந்தப் பிள்ளை சோற்றைக் கிளறிக் கிளறிப் பார்ப்பாள். "ரீச்சர், இதில எங்கட அரிசி எது?"

"எல்லாம் கலந்தாச்சு கண்ணு. எல்லாமே உன் அரிசிதான்" என்றேன். அவளுக்கு அப்படியொரு சிரிப்பு.

வட்டமாக நின்று கைகோத்து ஆடும்போதுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது. அவளுக்கு இரண்டு பக்கமும் நின்ற பிள்ளைகள் அவள் கையைப் பிடிக்கவில்லை. சட்டைக் கையின் ஓரத்தை விரல் நுனியால் பிடித்துக்கொண்டார்கள். நான் போய் நடுவில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று மதியம் தண்ணீர் எடுக்கச் சமையல் கொட்டகையின் பின்பக்கம் போனேன். அக்கா அந்த டின்னின் அடியை விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தார். போதகர் வீட்டுக் கோழிகள் ஓடி வந்தன. அரிசியை மண்ணில் கொட்டினார்.

"என்னக்கா இது?"

"அந்தப் புள்ளையிர தாய்க்கு அந்த வருத்தம் ரீச்சர். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய் வந்தவ. எச்.ஐ.வி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொட்டால் வராது, சேர்ந்து சாப்பிட்டால் வராது, இதில் கொதிக்கிற உலையில் எதைக் கண்டு பயப்படுகிறீர்கள் என்று கத்தினேன். அக்கா கத்தவில்லை.

"எல்லாம் தெரியும் ரீச்சர். ஆஸ்பத்திரித் தாதி வந்து சொல்லித் தந்தவ. நீங்க ரெண்டு கிழமையில போயிருவீங்க. இந்த அரிசியக் கலக்கிற எண்டு தெரிஞ்சா நாளைக்கு ஒரு புள்ளையும் சாப்பிட வராது. வேணாம் எண்டு திருப்பி அனுப்பினா அந்தத் தாய் உடைஞ்சிருவா. வெறும் டின் வீட்ட போகுதுதானே. அது போதும்."

போதாது என்றுதான் தினமும் சண்டை போட்டேன். போதகரிடமும் போனேன். "கொஞ்சம் பொறுங்க" என்றார். பொறுமைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? பிள்ளை மறுபடி தட்டைக் காட்டி, "எங்கட அரிசி எது?" என்று கேட்டபோது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கடைசி நாள் பெற்றோருக்கும் விருந்து. யாரும் எதிர்பாராமல் அந்தத் தாய் வந்துவிட்டாள். நோய் ஊருக்குத் தெரிந்த பிறகு அவள் ஆலயத்துப் பக்கம் வந்ததே இல்லையாம். மெலிந்த உடம்பு, நன்றாகத் தேய்த்த சேலை, ஒரு கையில் நிறைந்த டின், மறு கையில் பிள்ளை. நேராக என்னிடம்தான் வந்தாள்.

"புள்ள ஒவ்வொரு நாளும் வெறும் டின்னோட வந்தா ரீச்சர். எங்கட அரிசியும் ஆக்களோட சேர்ந்து வேகுது எண்டு நினைக்க மனசுக்கு எவ்வளவு நல்லாருந்தது தெரியுமா? அதான் நானும் வந்தன்."

அவள் பேசினை நோக்கி நடந்தாள். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். டின்னின் மூடி இறுகியிருந்தது. இளக்குவதற்காக அடியில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

முருங்கை மரத்தடியிலிருந்து, வேலிக்கு அப்பாலிருந்து, கொட்டகைக்குப் பின்னாலிருந்து கோழிகள் எல்லாம் விழுந்தடித்து ஓடி வந்து அவள் காலைச் சுற்றி நின்றன.

"அம்மா, இதுகளுக்கு நம்மட டின்னத் தெரியுது" என்று பிள்ளை கைதட்டிச் சிரித்தாள்.

தாய் சிரிக்கவில்லை. கோழிகளைப் பார்த்தாள். பிறகு சமையல் அக்காவைப் பார்த்தாள்.

"கோழிகளுக்கு ஒண்டும் வரல்லத்தானே அக்கா?"

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் திரும்பினாள். அக்கா எட்டி அவள் முழங்கையைப் பிடித்தார்.

"ஒண்டும் வரல்ல புள்ள. இஞ்ச தா."

டின்னை வாங்கி, எல்லாரும் பார்க்க அரிசியைப் பேசினில் கொட்டி, இரண்டு கையாலும் அளைந்து கலந்தார். களைந்து உலையில் போட்டார். சில பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார்கள். அக்கா தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. சோறு வெந்ததும் முதல் தட்டைத் தனக்குப் போட்டு, வெறும் சொதியை ஊற்றி, நின்றபடியே சாப்பிட்டார். அடுத்த தட்டைத் தாய்க்குக் கொடுத்தார். அவளும் சாப்பிட்டாள். இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தட்டை நீட்டினார்கள். நான் அடுப்புப் புகை என்று சொல்லிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

ஆட்கள் குறைந்ததால் அரைப் பானைச் சோறு மிஞ்சிவிட்டது. கோழிக்குப் போடட்டுமா என்று யாரோ அகப்பையை எடுத்தார்கள்.

"வேணாம், வை" என்றார் அக்கா. "என்ர புள்ளைகளுக்குக் கொண்டு போறன்."