ஐந்தரை மணி நேரத்தில் பிராங்பர்ட்

இன்று காலை எழுந்து பார்த்தால் எங்கள் ஊரான மரக்காணம் இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப் போயிருக்கிறது. குளிர்காலம் நெருங்கினால் ஜெர்மனியில் எல்லோரும் கடிகாரத்தைப் பின்னால் திருப்பி வைக்கிறார்கள். விண்டர்சைட் என்று அதற்கு ஒரு பெயர். நேற்றுவரை மரக்காணத்துக்கும் பிராங்பர்ட்டுக்கும் மூன்றரை மணி வித்தியாசம், இன்று முதல் நாலரை. ஊரில் இருக்கும் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். எனக்குக் கடிகாரம் என்றாலே பயம்.

போன தை மாதம் ஏழு மாத வயிற்றோடு நான் இங்கே வந்தேன். முதல் கரு கலைந்திருந்ததால் வீட்டில் என்னை ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க விடவில்லை. பிராங்பர்ட்டில் வேலை செய்யும் கணவர் டிக்கெட் அனுப்பியிருந்தார். சென்னையில் இரவு இரண்டு மணிக்கு ஏறினால் காலை ஏழரைக்கு பிராங்பர்ட் என்று அதில் போட்டிருந்தது. உப்பளத்தில் லாரிக்கு லோடு ஏற்றும் என் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பரிசோதிக்க வந்த நர்ஸம்மாவிடம் கணக்குச் சொன்னார்.

"அஞ்சரை மணி நேரந்தாங்க. இங்கேர்ந்து மெட்ராஸ் போயிட்டு வர்ற நேரம்."

"அப்ப போவட்டும். அதுக்கு மேல ஒரே எடத்துல உக்காரக் கூடாதும்மா. ஏற்கெனவே உனக்குக் கால் வீங்குது," என்றார் நர்ஸம்மா.

விமானத்தில் என் கைக்கடிகாரம் ஏழரையைக் காட்டியது. இறங்குகிற அறிகுறியே இல்லை. ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. அந்நேரத்துக்கு மரக்காணத்தில் பாத்திகளில் வெயில் ஏறி, உப்பு வாரப் போனவர்கள் பாதி வேலையை முடித்திருப்பார்கள். ஏழரைக்கும் விடியாத ஊர் எங்கே இருக்கிறது? வழி தவறிவிட்டார்களா? எட்டானது, ஒன்பதானது. கால்கள் செருப்புக்குள் நுழையவில்லை. வயிற்றுக்குள் அசைவும் இல்லை. கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.

"லேட்டா?" என்று பணிப்பெண்ணிடம் கேட்டேன்.

"நோ, நோ. பூங்க்ட்லிஷ்," என்று சிரித்தபடி போர்வையை இழுத்துவிட்டுப் போனாள்.

அது ஏதோ ஊர்ப் பெயர் என்று நினைத்தேன். பிராங்பர்ட்டுக்குப் போக முடியாமல் அங்கே இறக்கப் போகிறார்கள், அங்கே ஆஸ்பத்திரி இருக்குமா என்று தவித்தேன். சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போகிறோம் என்பதுதான் அந்த வார்த்தைக்கு அர்த்தமாம்.

விமான நிலையக் கடிகாரத்தில் ஏழரைதான். அண்ணன் போட்ட கணக்கைச் சொன்னதும் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இந்த ஊரு நேரம் வேற. பத்து மணி நேரம் பறந்து வந்திருக்கே நீ."

"சிரிக்காதீங்க. கொழந்த அசையலைங்க."

அவர் முகம் செத்துப்போனது. நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் வயிற்றில் கருவியை வைத்து அங்கும் இங்கும் தேடினார். பிறகு மெல்ல 'டப் டப்' என்று கேட்டது. நான் வாய்விட்டு அழுதேன். அப்போதுதான் நான் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தேன்.

சித்திரையில் மகள் பிறந்தாள். செவ்வாய்க்கிழமை, நள்ளிரவுக்குச் சற்று முன்னால். உடனே அம்மாவுக்கு போன் போட்டோம்.

"செவ்வாயா? இங்க புதன் பொறந்துடுச்சே. புதன்னே சொல்லு."

"அவ பொறந்தது இங்கதானேம்மா."

"இங்கேர்ந்துதான வயித்துல தூக்கிட்டுப் போன?"

ஆஸ்பத்திரியில் கொடுத்த சான்றிதழில் செவ்வாய். மரக்காணத்தில் அம்மா அவளுக்காக விளக்கேற்றுவது புதன். மகள் என்றைக்குப் பிறந்தாள் என்று யாராவது கேட்டால், கேட்பவர் எந்த ஊர்க்காரர் என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன்.