முன் சக்கரத்துக்கு ஒரு டயர்

கீழ் கோத்தகிரியில் தார்ச்சாலை முடியும் இடத்தில் சரசக்காவின் சைக்கிள் கடை இருக்கிறது. தேயிலை எஸ்டேட்டுக்குள் இறங்கும் மண் பாதையில் போகப் போவதாகச் சொல்கிறேன். அவர் என் டயர்களைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார். தார்ச்சாலைக்கு ஏற்ற, ஒல்லியான, வழவழப்பான டயர்கள்.

“ஏனுங்க, கீழ ஜல்லியும் சேறுமா கெடக்குது. இது நிக்காதுங்க.”

முண்டு முண்டாக ரப்பர் வைத்த அகல டயர், என் சைக்கிளுக்குப் பொருந்தும் அளவில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பின்னால் மாட்டச் சொல்கிறேன்.

“முன்னாடி போட்டுக்கங்க. பின் சக்கரம் வழுக்குனா உக்காந்துக்குவீங்க. முன் சக்கரம் வழுக்குனா மொகம் போயிருமுங்க.”

“உறுதியாத் தெரியுங்களா?”

அவர் தாடையிலிருக்கும் தையல் தழும்பைக் காட்டுகிறார். “பின்னாடி போட்டுப் பாத்துட்டேனுங்க.”

முன்னால் மாட்டிக்கொண்டு, பிடிப்புக்காகப் பின் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிக்கொண்டு கிளம்புகிறேன்.

மூன்றாவது வளைவில் பின் சக்கரம் தன் வழியில் போகிறது. நான் சேற்றில் உட்கார்ந்திருக்கிறேன். உடம்பில் ஒரு கீறலும் இல்லை. கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் கூடையோடு வந்து முன் சக்கரத்தைப் பார்க்கிறார்.

“சரசக்கா மாட்டுனதுங்களா?”

“ஆமாங்க.”

“போன வாரம் வந்தவரு அக்கா பேச்சக் கேக்காம பின்னாடிதான் வேணும்னு மாட்டிட்டு வந்தாருங்க. நாலு பேரு தூக்கிட்டுப் போனோம். நீங்க எந்திரிங்க, நடந்துருவீங்க.”

சொல்லிவிட்டு அவர் கொழுந்து பறிக்கப் போகிறார். நான் எழுந்து நடக்கிறேன்.