எந்தப் பக்க மூக்குத்தி

மடுல்சீமைக் கடைவீதியில் ஜெயரூபன் ஸ்டூடியோ வைத்த பிறகு, சுற்றுவட்டத் தேயிலைத் தோட்டங்களில் செத்துப்போன ஆண்கள் எல்லோருக்கும் ஒரே கோட்டுதான். கறுப்புக் கோட்டு, சிவப்பு டை. பெண்களுக்கு ஒரே மயில்கழுத்துப் பட்டுச்சேலை. அடையாள அட்டைக்கு எடுத்த படத்திலிருந்தோ, யாருடைய கல்யாணத்திலோ ஓரமாக நின்ற படத்திலிருந்தோ முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, கம்பியூட்டரில் அந்த உடம்பில் ஒட்டிக் கொடுப்பான். உயிரோடு இருந்தபோது கோட்டையும் பட்டையும் தொட்டுப் பாராதவர்கள், லயத்து வீட்டுச் சுவர்களில் மாலைக்கும் சிவப்பு பல்புக்கும் நடுவே பெரிய உத்தியோகத்தர்களைப் போல வீற்றிருந்தார்கள்.

புருஷனையும் பெண்சாதியையும் ஒரே படத்தில் சேர்த்துவைப்பதுதான் அவனிடம் அதிகம் வந்த வேலை. பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாமல் வாழ்ந்து முடித்தவர்கள் அத்தனை பேர். அப்படிச் சேர்க்கும்போது பெண்ணின் முகம் புருஷனுக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தால், கண்ணாடியில் தெரிவதுபோல அந்த முகத்தை மறுபக்கம் திருப்பிவிடுவான். ஒரு தட்டுத் தட்டினால் போதும். புருஷனைப் பார்த்தபடி ஆகிவிடுவாள். வாங்கிப்போகிறவர்களும் திருப்தியாக வாங்கிப்போனார்கள்.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு ஆடி மழையில் அவனுடைய அம்மா வேலாயி செத்துப்போனாள். மூன்று நாள் காய்ச்சல். நாலாவது நாள் கொழுந்துக்குப் போக முடியவில்லையே என்று முனகிக்கொண்டே போய்விட்டாள்.

பதினாறாம் நாள் கருமாதி. அதற்குள் அப்பாவையும் அம்மாவையும் சேர்த்து ஒரு பெரிய படம் செய்துவிட வேண்டும் என்று ஜெயரூபன் நினைத்தான். ஊரில் உள்ளவர்களின் அப்பா அம்மாவை எல்லாம் சேர்த்துவைத்தவன், தன் வீட்டுச் சுவரை இத்தனை நாள் வெறுமையாகவே விட்டிருந்தான். அம்மா உயிரோடு இருக்கும்போது செத்துப்போன அப்பாவுக்குப் பக்கத்தில் அவளை ஒட்ட மனம் வரவில்லை.

அப்பா பொன்னையாவுக்கு ஒரே ஒரு படம்தான். இந்தியாவுக்குப் போவதற்காக எண்பத்திரண்டில் எடுத்த பாஸ்போர்ட்டுப் படம். பாஸ்போர்ட்டு வந்தது, பயணத்துக்கு முன்னால் அப்பா இறந்துபோனார். பிள்ளைகளோடு வேலாயி இங்கேயே தங்கிவிட்டாள்.

அம்மாவுக்கு இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று அடையாள அட்டைப் படம். முகம் தெளிவாக இருந்தது. ஆனால் பொட்டில்லாத நெற்றி, மூக்குத்தி கழற்றிய மூக்கு. அப்பா இறந்து வெகுகாலத்துக்குப் பிறகு எடுத்தது. மற்றது எண்பத்தொன்றில் ஒரு கல்யாண வீட்டில் எடுத்த கூட்டுப் படம். அதில் அவள் பொட்டும் மூக்குத்தியுமாக நிற்கிறாள். ஆனால் முகம் சுண்டுவிரல் நகத்தளவு; அதுவும் ஒரு பக்கமாகத் திரும்பி, எதையோ பார்த்து அதட்டப் போகிறவள் மாதிரி இருந்தாள்.

"பொட்டு வெச்ச படத்தையே போடு, தம்பி" என்றாள் பக்கத்து லயக் காம்பராவில் இருந்த ரெங்கம்மா. வேலாயியோடு முப்பது வருஷம் ஒரே மலையில் கொழுந்தெடுத்தவள். ஜெயரூபனுக்குச் சின்னம்மா முறை. "அவதான் புருசன்கிட்டயே போயிட்டாளே. இனி யாரு கேக்கப் போறா?"

நகத்தளவு முகத்தைச் சுவரளவு ஆக்க வேண்டுமானால், ஸ்கேனரில் வைத்து மிகப் பெரிதாக எடுக்க வேண்டும். அவனுடைய கம்பியூட்டர் அதற்கு ஒத்துழைக்கவில்லை. பண்டாரவளையில் மூடிவிட்ட ஒரு டியூஷன் வகுப்பிலிருந்து வாங்கிய பழைய பெட்டி அது. இத்தனை காலம் எல்லாப் படத்தையும் சின்னதாக வைத்தே வேலை பார்த்து, பதுளையில் பிரிண்ட் போடும் இடத்தில் பெரிதாக்கிக் கொள்வான். மங்கலாகத்தான் வரும். யாரும் குறை சொன்னதில்லை. அம்மாவின் முகம் பாதி வரை திரையில் இறங்கும். நெற்றி வரும், கண் வரும், மூக்குக்கு மேலே நின்றுவிடும். பெட்டி உறைந்துபோகும். நான்கு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தான். நான்கு தடவையும் கண்ணோடு நின்றது.

பத்தாம் நாள் காலையில், அம்மா மலைக்கு இடுப்பில் கட்டிக்கொண்டு போகும் தார்ப்பாய்ப் படங்கில் பெட்டியைச் சுற்றி, பதுளை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பசறையில் ஏறிய ஒரு கிழவர் படங்கைத் தடவிப் பார்த்தார்.

"டீவியா, தம்பி?"

"கம்பியூட்டருங்க."

"ஓடுமா?"

"ஓடினா ஏங்க மடியில வெச்சுக்கிட்டுப் போறேன்?"

பதுளையில் றவூப் நானாவின் கடை, ஒரு துணிக்கடைக்குப் பின்னால் ஒடுங்கிய இடத்தில் இருந்தது. ஜெயரூபனிடம் நாலாயிரத்துச் சொச்சம் இருந்தது. பதினேழு அங்குலத் திரை ஒன்று பழையதாகக் கிடைத்தால் வாங்கலாம் என்று நினைத்துத்தான் வந்திருந்தான். றவூப் பெட்டியைத் திறந்து, தூசியை ஊதி, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"திரையப் பெரிசாக்கி என்னத்துக்கு, தம்பி? ஆள் பெரிசு, உடுப்புச் சின்னன் எண்ட கதைதான் இது. படத்த விரிச்சு வைக்க உள்ளுக்கு இடமில்ல. ராம் போடுங்க. மத்ததெல்லாம் இருக்கட்டும்."

அவருடைய மனைவி மர்லியா ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தாள். அதற்குள் விரல் நீளத்துக்கும் கூடுதலான பச்சைத் தகடுகள். முதல் தகட்டைச் செருகியதும் பெட்டி மூன்று முறை கத்திவிட்டு அடங்கியது.

"இதுக்குப் புடிக்கல்ல" என்றார் றவூப். மூன்றாவது தகடு பிடித்தது. திரையில் எண்கள் ஓடி, முன்பிருந்ததைப் போல ஐந்து மடங்கில் வந்து நின்றன. மர்லியா அவனுடைய மழித்த தலையைப் பார்த்துவிட்டு, "யாரு தம்பி?" என்று கேட்டாள்.

"அம்மா."

மர்லியா படங்கைத் தானே உதறி மடித்து, பெட்டிக்கு மேலே மழை படாதபடி கட்டிக் கொடுத்தாள்.

பெட்டியோடு திரும்பியவனை ரெங்கம்மா வாசலில் மறித்தாள்.

"புதுசாவா வாங்கியாந்தே?"

"பழசுதான் சின்னம்மா. உள்ளுக்கு ராம் போட்டிருக்கு."

"ராமரா? பதுளையில அவரையும் விக்கிறாய்ங்களா?"

பத்து நாளில் அன்றுதான் அவன் சிரித்தான்.

அம்மாவின் முகம் முழுதாக இறங்கியது. நெற்றி, கண், மூக்கு, உதடு, தாடை. பெட்டி தயங்கவே இல்லை. பழைய படத்தின் கீறல்களை ஒவ்வொன்றாக எடுத்தான். கன்னத்தில் இருந்த ஒரு வெடிப்பை மூட ஒரு பகல் போனது. பிறகு பட்டுச்சேலையைக் கொண்டுவந்தான். அப்பாவுக்குக் கோட்டை மாட்டினான். முறைப்படி அப்பாவுக்கு இடப்பக்கத்தில் அம்மாவை வைத்தான். அவள் அப்பாவுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தபடி நின்றாள். பழக்கத்தில் கை ஒரு தட்டுத் தட்டியது. அம்மா அப்பா பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படத்தை இன்னும் பெரிதாக்கி, மூக்கோரத்து நிழலைச் சரிசெய்யப் போனபோதுதான் கை நின்றது. மூக்குத்தி இடப்பக்க மூக்கில் இருந்தது.

அம்மாவுக்கு வலது மூக்கு. விதவையாகிக் கழற்றிய பிறகும் அந்த ஓட்டை தூர்ந்துபோகாமல் இருந்தது. காய்ச்சல் காலத்தில் அவள் அந்தப் பக்கத்தையே விரலால் தேய்த்துக்கொண்டிருப்பாள். அவனுக்குத் தெரியும்.

பழைய வேலைகளை எல்லாம் திறந்தான். சின்னப் படங்கள், மூக்குத்தி எல்லாவற்றிலும் வெறும் வெள்ளைப் புள்ளிதான். மூலப் படத்தோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான். அவன் திருப்பிய பெண்கள் அத்தனை பேருக்கும் மூக்குத்தி இடம் மாறியிருந்தது. நாலு வருஷத்தில் முப்பத்தேழு பெண்கள்.

ரெங்கம்மாவின் மாமியாரும் அவர்களில் ஒருத்தி. விடிந்ததும் போய் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றான்.

"சின்னம்மா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். ஒங்க மாமியாருக்கு மூக்குத்திய மாத்திப் போட்டுட்டேன்."

"ஆமா" என்றாள் ரெங்கம்மா, கோப்பையில் தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டே. "தெரியுமே."

"தெரியுமா? ஏன் சொல்லல?"

"எதுக்குச் சொல்றது? செத்தவங்களுக்கு எல்லாத்தையும் மாத்தித்தான செய்றோம். கொடத்தத் தூக்கிக்கிட்டு ஒங்கம்மா குழிய நீ எடப்பக்கமாத்தான சுத்தி வந்தே? நல்ல காரியத்துக்கு அப்பிடிச் சுத்துவமா? படத்துலயும் மாத்துறதுதான் மொறை, படிச்ச புள்ள, தெரிஞ்சுதான் செய்றான்னு நெனச்சோம். மேல் டிவிசன்ல எல்லாரும் அப்பிடித்தான் பேசிக்கிறாங்க." மாமியாரை ஒரு பார்வை பார்த்தாள். "அதோட, மூக்குத்தி மாறின பொறவுதான் இந்தம்மா மூஞ்சி கொஞ்சம் சாந்தமா இருக்கு. விட்டுரு."

"எல்லாத்தையும் திரும்பச் செஞ்சு குடுத்துரவா?"

"பூசை போட்டுக் கும்பிட்ட படத்தை யாருடா கழட்டிக் குடுப்பா? சும்மா இரு."

அன்று பகல் முழுவதும் அவன் ஸ்டூடியோவைத் திறக்கவில்லை. உள்ளே இருந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். திருப்பி வைத்தால் அவள் அப்பாவைப் பார்ப்பாள். தோட்டத்து ஜனங்களும் முறை என்பார்கள். ஆனால் அவனுக்குத் தெரிந்த முகம் அது இல்லை. சோறு போட்ட, காது திருகிய, பிரதேச செயலகத்தில் கைநாட்டு வைத்த அந்த முகத்தில் மூக்குத்தியோ, கழற்றிய பிறகு அதன் ஓட்டையோ, வலப்பக்கம்தான் இருந்தது. அம்மாவை அப்பாவின் மறுபக்கத்துக்கு மாற்றலாம். ஆனால் வலப்பக்கத்தில் தங்கச்சியையும் மகளையும்தான் நிறுத்துவார்கள்.

சாயங்காலம் கூட்டுப் படத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் ரெங்கம்மாவிடம் போனான். அந்தக் கல்யாணத்துக்கு அவளும் போயிருந்தாள்.

"அம்மா எதைப் பாக்குறாங்க, சின்னம்மா?"

ரெங்கம்மா படத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். "எதையா? ஒன்னையத்தான். படம் புடிக்க நிக்க மாட்டேன்னு ஓடிப்போயி, அந்தப் பக்கம் மாட்டுப்பட்டியில ஏறிக்கிட்டு நாக்கத் துருத்திக்கிட்டிருந்தே. எறங்குடான்னு கத்துறதுக்கு வாயத் தொறந்தா, படம் புடிக்கிறவன் டப்புன்னு அமுக்கிட்டான்."

ஜெயரூபன் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டான். பிறகு போய் அம்மாவின் முகத்தைப் பழையபடி திருப்பி வைத்து, சீடியில் எழுதி, மறுநாள் முதல் பஸ்ஸுக்குப் பதுளை போனான்.

கருமாதியன்று படத்தை மாட்டினார்கள். மங்கல் இல்லாத, அவன் செய்த முதல் பெரிய படம். அப்பா நேராகப் பார்த்தார். அம்மா அவருக்குப் பக்கத்தில் நின்று, சட்டத்துக்கு வெளியே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். கும்பிட வந்த ஒரு பெண் முணுமுணுத்தாள்.

"என்ன இது, வேலாயி புருசனப் பாக்காம வேற பக்கம் பாக்குறா? மூக்குத்தியும் மாத்தாம கெடக்கு."

"மவன் சேட்டை பண்றான். அதட்டுறா" என்றாள் ரெங்கம்மா. "நீ சூடத்தக் காட்டு."

அதற்குப் பிறகு, படம் செய்யச் சொல்லி வருகிறவர்களிடம் ஜெயரூபன் முதலில் கேட்பது அதைத்தான்: மூக்குத்தி எந்தப் பக்கம்? முதலில் வந்தவர் மேல் டிவிசன்காரர். மனைவியை இழந்து எட்டு நாள்.

"வலப்பக்கங்க" என்றார் அவர். சொல்லிவிட்டுப் பதற்றத்தோடு முன்னால் குனிந்தார். "ஆனா மாத்தித்தான போடுவீங்க? எல்லாருக்கும் போட்ட மாதிரி? அவளுக்கு மட்டும் மொறை தவறிப் போயிரக் கூடாதுங்க."

ஜெயரூபன் அவர் முகத்தைப் பார்த்தான்.

"இல்லீங்க, தவறாது" என்றான். அவர் கொண்டுவந்த படத்தைத் திரையில் இறக்கி, ஒரு தட்டுத் தட்டி, அந்தப் பெண்ணின் முகத்தை அவர் உட்கார்ந்திருந்த பக்கம் திருப்பினான்.