ஸ்கேன் அறைக்கு வெளியே ஓர் அப்பா

"அக்கா, இதுல தலை எதுன்னு தெரியுமா?"

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. கலெக்டர் ஆபீஸில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு கிருஷ்ணகிரியில் ஓசூர் பஸ் ஏறினேன். திருவண்ணாமலையிலிருந்து வருகிற பெங்களூர் வண்டி. மத்தியான வெயில். வேறு இடமில்லை. ஜன்னலோரம் ஓர் இளைஞர், நடுவில் அவருடைய பை, ஓரத்தில் நான்.

டோல்கேட் தாண்டியதும் அவர் பையிலிருந்து பெரிய வெள்ளைக் கவரை எடுத்தார். உள்ளே ஒரு கறுப்பு ஃபிலிம். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சாய்த்துப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பினார். மறுபடி நேராக... எது நேர் என்று அவருக்கும் தெரியவில்லை. எட்டிப் பார்த்த எனக்கும்தான்!

பிறகுதான் என்னிடம் கேட்டார், தலை எது என்று.

பெயர் மாதேஷ். ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் காண்ட்ராக்ட் வேலை. மனைவி மஞ்சுளாவுக்கு இது எட்டாம் மாதம். வளைகாப்பு முடிந்து மத்தூரில் அம்மா வீட்டில் இருக்கிறாள். வாரம் ஒரு நாள் லீவு. அன்று விடிந்ததும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

"நல்லா பேசிட்டு வந்தீங்களா?"

"எங்கக்கா... போனா ரூம்ல அவங்க சித்தி, பெரியம்மா எல்லாம் உக்காந்துட்டு இருக்காங்க. என்னை வெளிய சேர் போட்டு உக்கார வெச்சுட்டாங்க. டிவி போட்டு விட்டாங்க. டாக்டர் என்ன சொன்னாங்கன்னு கேட்டா, 'ஆம்பளைங்களுக்கு அதெல்லாம் எதுக்கு மாப்ள, நாங்க பாத்துக்கறோம்'னு அத்தை சொல்றாங்க. ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்கக்கா."

ஓசூர் ரூமிலும் தனி ஆள்தானாம். ஷிஃப்ட் முடிந்து வந்தால் அவளுடைய துணி கொடியில் அப்படியே இருக்கிறதாம். எடுத்து மடித்து வைக்கவும் மனசில்லையாம்.

"கிளம்பறப்போ வாசல் வரைக்கும் வந்தாக்கா. இந்தக் கவரை என் பைல வெச்சு, 'படிச்சுப் பாருங்க'ன்னா. அவ்வளவுதான். அதுக்குள்ள அவங்க பெரியம்மா வந்துட்டாங்க."

"படிச்சீங்களா?"

அவர் முகம் சட்டென்று மாறியது. கவரிலிருந்து ஒரு தாளை எடுத்து, ஒரு வரியில் விரலை வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அக்கா... லிக்கர்னு போட்டிருக்குக்கா. சத்தியமா சொல்றேன், நான் அதைத் தொடறதே இல்ல. பொங்கலுக்குக்கூட இல்ல. இதை வெச்சு அவங்க வீட்ல என்னைத் தப்பா நெனச்சுட்டாங்களோ... அதான் உள்ள விட மாட்டேங்கறாங்களோ?"

சிரிப்பு வந்தது. அவர் கண்ணைப் பார்த்ததும் அது வந்த வழியே போய்விட்டது.

"அது அந்த லிக்கர் இல்ல தம்பி. வயித்துக்குள்ள குழந்தையைச் சுத்தி தண்ணி இருக்குமில்ல... அதுக்கு டாக்டருங்க வெச்ச பேரு."

மாதேஷ் மூச்சு விட்டார். நான்தான் இப்போது விடவில்லை. அந்த வரியை முழுதாகப் படித்துவிட்டேன். தண்ணீர் குறைவாக இருக்கிறது, ஒரு வாரத்தில் மறுபடி ஸ்கேன் எடுக்கவும் என்று இருந்தது. மேலே தேதியைப் பார்த்தேன். எடுத்துப் பத்து நாள் ஆகியிருந்தது.

"திரும்ப ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போனாங்களா?"

"தெரியலயேக்கா... அத்தை, 'டாக்டருங்க எல்லாருக்கும் இப்படித்தான் சொல்லுவாங்க'ன்னு யார்கிட்டயோ சொல்லிட்டிருந்தாங்க. அது இதானா?"

நான் டாக்டர் இல்லை. பயமுறுத்தவும் விருப்பமில்லை. ஆனால் ஒரு பெண், வீடு நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்ல முடியாமல் புருஷன் பையில் ஒரு கவரைத் திணித்திருக்கிறாள். அதற்கு என்ன அர்த்தம்?

"அவ உங்களைக் கூப்பிட்டிருக்கா தம்பி. உங்களுக்குத்தான் புரியல."

அவர் தாளை மடித்துக் கவருக்குள் வைத்தார். "நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்கா. போகலன்னா காண்ட்ராக்டர் வேற ஆளைப் போட்டுருவார்" என்றார். திரும்பிப் போங்க என்று எப்படிச் சொல்வது? வேலை போனால் நானா வாங்கித் தரப்போகிறேன்?

சூளகிரி வந்தது. மாதேஷ் எழுந்துவிட்டார். பை, கவர் எல்லாவற்றையும் மார்போடு அணைத்துக்கொண்டார். அவசரமாக என் செல் நம்பரை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தேன். இறங்கி, லாரிகளுக்கு நடுவே ரோட்டைக் கடந்து, கிருஷ்ணகிரி போகும் பக்கத்தில் போய் நின்றார். என் பஸ் கிளம்பிவிட்டது.

நான்கு நாள் போன் இல்லை. ஐந்தாம் நாள் வந்தது.

மறுநாள் காலையிலேயே சண்டை போட்டு மஞ்சுளாவைக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறார். தண்ணீர் இன்னும் குறைந்திருந்ததாம். உடனே அட்மிட் செய்துவிட்டார்கள்.

"ஸ்கேன் ரூமுக்கு உள்ள விட்டாங்கக்கா! அவ கையைப் புடிச்சுட்டு நின்னேன். கொழந்தை நெஞ்சு அடிக்கற சத்தம் கேட்டுச்சு. எங்க ஃபேக்டரி லைன்ல கம்ப்ரஸர் ஓடுமே... அப்படி ஓடுதுக்கா."

போனை வைக்கும் முன் அந்தச் சத்தத்தை வாயாலேயே ஒருமுறை செய்து காட்டினார்.

போன வாரம் மறுபடி போன். பெண் குழந்தை. ஆபரேஷன். நாள் கொஞ்சம் முந்திவிட்டது, எடையும் குறைவு. சில நாள் தனியாகக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து, இப்போது அம்மாவிடம் கொடுத்துவிட்டார்களாம். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம். காண்ட்ராக்டர் சொன்னபடியே வேறு ஆளைப் போட்டுவிட்டார். மாதேஷ் வேறு ஃபேக்டரியில் கேட்டிருக்கிறார்.

"அதெல்லாம் பாத்துக்கலாங்க்கா" என்றார். குரலில் புது அப்பாவின் திமிர்!

கர்ப்பம் என்றால் அது பெண்கள் சமாச்சாரம் என்று ஒதுங்கி நிற்கிற ஆண்களே... ஒதுங்கச் சொன்னது யார்? உள்ளே ஒருத்தி ஒவ்வொரு உதையையும் தனியாக வாங்கிக்கொண்டிருக்கிறாள். அவளோடு ஒரு முறை உள்ளே போனால் என்ன? டாக்டர் சொன்னதைக் காதில் வாங்கினால் என்ன? குழந்தை பிறந்த பிறகுதான் அப்பா ஆக வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

இப்படியெல்லாம் ஊருக்குச் சொல்கிறேனே... என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

எட்டு வருடம் முன்பு. அருப்புக்கோட்டையிலிருந்து ஓசூர் வந்த புதிது. எனக்கு ஆறாம் மாதம். எங்கள் காம்பவுண்டில் ஐந்து வீடு. இரண்டில் தெலுங்கு, இரண்டில் கன்னடம். என் கணவர் ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டால் அவர் திரும்பும் வரை நான் தமிழ் பேசுவது வயிற்றோடு மட்டும்தான்.

ஒருநாள் செக்கப். ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். உள்ளே டாக்டர், "குழந்தை எடை கம்மியா இருக்கு, பார்க்கலாம்" என்றார். அந்தப் 'பார்க்கலாம்' என்னை உலுக்கிவிட்டது. வெளியே வந்தேன்.

"முடிஞ்சுதா? போலாமா?" என்றார்.

"ம்" என்றேன்.

கேட்பார், சொல்லலாம் என்று இருந்தேன். அவர் கேட்கவில்லை. ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, அவர் முதுகுக்குப் பின்னால் வீடு வரை அழுதேன். வழியில் நிறுத்தி ஆப்பிள் வாங்கினார். அடுத்த ஒரு மாதம், எடை சரியாகிவிட்டது என்று டாக்டர் சொல்லும் வரை, அந்தப் பயத்தை நான் ஒருத்தியே வைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழந்தை இப்போது மூன்றாம் வகுப்பு. ஆனாலும் அவர் கேட்காதது எனக்குள் அப்படியே இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மாதேஷ் கதையை அவரிடம் சொன்னேன். சொல்லி முடித்துக் கொஞ்சம் காரமாகவே கேட்டேன்: "நீங்க ஒரு நாளாவது உள்ள வந்தீங்களா?"

அவர் கையிலிருந்த செல்லைக் கீழே வைத்தார்.

"கதவுல 'ஆண்களுக்கு அனுமதி இல்லை'ன்னு போர்டு போட்டிருந்தாங்க. நீ உள்ள இருக்கிற நேரமெல்லாம் நான் அதைத்தான் படிச்சுக்கிட்டு நிப்பேன். உள்ள என்ன நடக்குதோன்னு பயமா இருக்கும். வெளிய வந்தா நீ ஒண்ணும் சொல்லமாட்ட. பொம்பளைங்க விஷயம், கேட்டா தப்பா நினைப்பியோன்னு..."

கதவுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி. அந்தப் பக்கம் ஒருத்தர். இருவருமே தனியாக இருந்திருக்கிறோம். எட்டு வருடமாக இது எனக்குத் தெரியாது.

அவர் மெதுவாகக் கேட்டார்: "அன்னிக்கு ஸ்கூட்டர்ல அழுதியே... டாக்டர் என்னதான் சொன்னாங்க?"

எட்டு வருடம் லேட். இருந்தாலும், பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன்.